தீவுக்கு ஆராய்ச்சிக்குப் போவோர் கவனத்திற்கு

ஏரியன்றிக் கடலறியாத நம் படப்பையிலிருந்து பிராணி சாஸ்திரம் பயிலும் மாணாக்கர், 1927-இல் சென்னை அருங்காட்சியகம் தனிநூலே வெளியிடுமளவு கரைவாழ் ஜீவராசிகள் நிறைந்த பாம்பனை அடுத்த குருசடைத் தீவுக்குப் புறப்படுவாராயின், வனத்துறை அனுமதிக்கு அடுத்தபடியாகத் தேவைப்படுவது தடித்த அடியுள்ள காலணியே. பவளப்பாறையில் வெறுங்காலோடு நடப்பவரின் பாதத்தில் கடல்மூரையின் முள் ஒடிந்து தங்கிவிடுமாதலால், அவ்விடத்தைத் தேய்க்காமல், நல்ல காலால் சூட்டைச் சோதித்த பின்னர், ஏறத்தாழ 45 டிகிரி வெந்நீரில் அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வைத்து, பிறகு வைத்தியரிடம் காட்டுவது உசிதம். சொறிமுட்டை பட்டாலோ நன்னீர் கூடாது, கடல்நீராலேயே அலம்புக.

குறிப்புகளைப் பென்சிலால் எழுதுக. தோணி சாய்ந்தால் மைப்பேனாவின் பாண்டித்தியமெல்லாம் கரைந்துவிடும். நீரேற்றம் இறங்கும் வேளையைப் பாம்பன் படகோட்டியிடம் கேளாதவர், தரைதட்டிய படகில் பட்டினியாகக் காத்திருக்க நேரும்.

பெரிய நிக்கோபாரின் கலத்தியா கடற்கரையில் கடலாமைகளை ஆராய முகாமிட்டிருந்தோரை 2004 டிசம்பர் 26-இல் நிலநடுக்கத்தைத் தொடர்ந்து எழுந்த ஆழிப்பேரலை வாரிச் சென்றது. ஆகவே, கரையில் நிற்கையில் நிலம் பலமாக அதிர்ந்தால், கருவிகளையும் சேகரித்த மாதிரிகளையும் போட்டது போட்டபடி விட்டு, உடனே மேட்டுநிலத்துக்கு ஓடுங்கள்.