தகடு வெட்டும் கருவி

நாள்தோறும் நீர் படும் கதவு, எத்துணை நல்ல மரத்தாற் செய்யப்பெற்றதாயினும், அடிப்புறத்தில் ஊறி உளுத்துப் போதல் இயல்பு. இதனைத் தடுக்கும் பொருட்டுக் குளியலறைக் கதவின் கீழ்ப்பகுதியில் மெல்லிய அலுமினியத் தகட்டைப் பொருத்தும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அரை மில்லிமீட்டர் கனமுள்ள தகடு இதற்குப் போதும். ஆணி அடித்தல் எளிய வேலை. தகட்டை அளவு பிசகாமல் வெட்டுதலே அரிய வேலை.

அலுமினியம் ஒரு காலத்தில் விலை மிகுந்த உலோகமாக இருந்தது. 1886ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய ஹாலும் பிரெஞ்சுக்காரராகிய ஹெரூல்ட்டும், ஒருவரையொருவர் அறியாமலே, மின்சாரத்தின் துணையால் அதனைப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டனர். அதன் பின்னரே அஃது எளியோர் இல்லங்களிலும் புகுந்தது. அஃது இரும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உடையது, மென்மையும் மிக்கது. மென்மையானது ஆதலின் எக்கருவியாலும் வெட்டிவிடலாம் என்று எண்ணுவோர் உளர். அம்மென்மையே இடருக்குக் காரணமாகும். வன்மையான தகடு கருவியை எதிர்த்து நிற்கும். மெல்லிய தகடோ வளைந்து கொடுத்துக் கசங்கிப்போகும்.

இரும்பறுக்கும் இரம்பத்தை எடுத்துக்கொள்வோம். அதன் மிக நுண்ணிய அலகில் ஓர் அங்குலத்திற்கு 32 பற்கள் இருக்கும். அஃதாவது, ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் தகடு அவ்விடைவெளிக்குள் விழுந்து சிக்கிக்கொள்ளும், இழுத்தாற் கிழியும். இரம்பமன்றி வேறு கருவி கிடையாதாயின், தகட்டை இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கு இடையில் இறுக்கி, மூன்றையும் சேர்த்தே அறுத்தல் வேண்டும். மின்விசையாற் சுழலும், இரும்பு அறுப்பதற்கென்றே அமைந்த தேய்ப்புச் சக்கரத்தை இதற்கு எடுத்தலே ஆகாது. அலுமினியம் அதன் நுண்துளைகளில் அப்பி அடைத்துக்கொள்ளும்; சக்கரம் சூடேறி உடைந்து சிதறவும் கூடும். வீட்டிலுள்ள தையற் கத்தரிக்கோலைப் பற்றிச் சொல்லவே வேண்டுவதில்லை. தகடும் கெடும், பின்னர் அது துணிக்கும் உதவாது.

கதவின் அகலத்திற்கு நீண்ட நேர்வெட்டு ஒன்று வேண்டும். இதற்குக் கூரிய கத்தியும் எஃகு அளவுகோலும் போதும் என்பது பலருக்கு வியப்பளிக்கும். கோலை அழுத்திப் பிடித்து, அதன் ஓரமாகக் கத்தியை முதலில் மெல்லவும் பின்னர்ச் சற்று அழுத்தியும் பன்முறை இழுத்துப் பள்ளமான கோடு அமைத்தல் வேண்டும். அக்கோட்டை மேசையின் விளிம்பில் பொருந்த வைத்து, தகட்டைக் கீழும் மேலுமாகச் சிலமுறை மடக்கினால், மடங்குமிடம் இறுகி வலுவிழந்து, கோட்டின் வழியே முறிந்துவிடும். இவ்வாறு பிரிந்த தகடு சிறிதும் நெளிவதில்லை.

கீல் இருக்குமிடத்தில் மூலையைக் கழிப்பதற்கும் வளைவாக வெட்டுவதற்கும் தகரக் கத்தரியே ஏற்றது. நேராக வெட்டுவது, இடப்புறம் வளைந்து செல்வது, வலப்புறம் வளைந்து செல்வது என அது மூவகைப்படும். தகட்டைக் கத்தரியின் நுனியில் வையாது, அச்சாணிக்கு அருகில் வைத்தல் வேண்டும். நெம்புகோலின் இயல்பால் சிறுவிசையே பெருவிசையாகும். அலகுகளை ஒவ்வொரு முறையும் முற்றும் மூடிவிடலாகாது. மூடினால் நுனி படுமிடந்தோறும் ஒரு வடு விழும். வெட்டும்பொழுது குறுகிய பகுதியே சுருளும் ஆதலின், கோட்டிற்கு வெளியே சிறிது விட்டு ஒருமுறை வெட்டிக்கொண்டு, பின்னர் அவ்விளிம்பை மெல்லிய கீற்றாகக் கழித்தல் தேர்ந்த தொழிலாளர் முறை. கீற்றுச் சுருளும், தகடு சமமாய் நிற்கும். உள்மூலையில் முன்னரே சிறு துளை இட்டுவைத்தால் வெட்டு அத்துளையோடு நின்றுவிடும்.

வெட்டிய விளிம்பிற் பிசிறு எஞ்சும். கதவின் அடிப்பகுதி என்பது வெறுங்கால்கள் உராயும் இடம். தவழும் குழந்தை கைவைக்கும் இடமும் அதுவே. ஆதலின் நுண்ணிய அரத்தால் விளிம்பை இருபுறமும் தேய்த்தல் இன்றியமையாதது. அரத்தின் பற்களில் அலுமினியத் தூள் அடையாதிருக்க, அதன்மேல் முதலிற் சுண்ணக்கட்டியைத் தடவிக்கொள்வர். பிசிறு நீங்கியதா என்பதை விரலால் தடவிப் பார்த்தல் கூடாது. சிறிது பஞ்சை எடுத்து விளிம்பு நெடுகிலும் மெல்ல இழுத்துச் செல்லல் வேண்டும். ஓர் இழையேனும் சிக்குமிடத்தில் மீண்டும் அரத்தைச் செலுத்துதல் வேண்டும்.