கதிருக்கு மாமா எழுதுவது

அன்புள்ள கதிர்,

மோட்டார் வாகன ஆய்வாளர் வேலைக்கு முயற்சி செய்யலாமா, சம்பளம் எப்படி என்று கேட்டிருந்தாய். சம்பளத்துக்குக் குறைச்சல் இல்லை. 2018-இல் டிஎன்பிஎஸ்சி 113 இடங்களுக்கு ஆள் கேட்டபோதே தொடக்க அடிப்படைச் சம்பளம் 35,900 ரூபாய். அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் தனி. டிப்ளமோ முடித்த பையனுக்கு எங்களைப் போன்ற பட்டறைக்காரர்கள் இதில் பாதி கொடுப்பதே அபூர்வம். ஆனால் இந்த அறிவிப்பு வருடா வருடம் வராது. அதையே நம்பி வீட்டில் உட்கார்ந்து படிக்காதே.

படித்தவர்களும் மாட்டிக்கொள்ளும் இடம் அனுபவச் சான்றிதழ். கார், லாரி, பஸ் எல்லாம் பழுதுபார்க்கிற பட்டறையில் ஒரு வருடமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். தெரிந்தவரிடம் லெட்டர்பேடில் வாங்கிய தாள் சரிபார்ப்பில் நிற்காது. ஹெவி லைசென்ஸும் கேட்பார்கள். அதற்குக் கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். உன்னிடம் பைக் லைசென்ஸ் மட்டும்தான் இருக்கிறது என்று அக்கா சொன்னாள். இந்த வாரமே எல்எல்ஆர் போடு.

இயந்திரமே எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) பார்க்கும்போது ஆய்வாளர் எதற்கு என்கிறானாம் உன் நண்பன். தானியங்கிச் சோதனை நிலையத்தில் வண்டியை உருளைமேல் ஏற்றி பிரேக்கை அளக்கிறார்கள், உண்மைதான். அந்த வேலை மெல்ல அங்கே போகும். லைசென்ஸ் தேர்வும், விபத்து வண்டியைப் பார்த்து அறிக்கை எழுதுவதும், சாலைச் சோதனையும் எங்கே போகும்? அந்த நிலையங்களுக்கும் உன்னைப் போலப் படித்தவர்கள் வேண்டும். அதையும் கணக்கில் வை.

சம்பளத்தைவிடக் கிம்பளம் பெரிது என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். நீ சிரிக்காதே. 2012-இல் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புக் குழந்தை விழுந்து செத்தது. அந்த வண்டி எஃப்.சி. வாங்கி அதிக நாள் ஆகியிருக்கவில்லை. கோடை விடுமுறையில் பள்ளி வண்டிகளை வரிசையாக நிறுத்தித் தளம், படிக்கட்டு, அவசர வழி என்று இப்போது பார்க்கிறார்களே, அந்தக் குழந்தைக்குப் பிறகு வந்த கெடுபிடி அது. கையெழுத்துப் போடும் முன் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க மனசில்லையென்றால் விண்ணப்பமே போடாதே.

என் பட்டறையில் சேரலாமா என்று கேட்காதே. இங்கே லாரி மட்டும்தான், என் சான்றிதழ் உனக்கு உதவாது. சேலத்தில் எல்லா வண்டியும் பார்க்கிற கம்பெனி சர்வீஸ் சென்டர் ஒன்றில் சொல்லி வைக்கிறேன். சம்பளம் சொற்பம்தான், மறுக்காமல் போ.

அன்புடன்,
மாமா