முதல் செலவு மைக்குக்கு

வீடியோ எடுக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதல் பணத்தைக் கேமராவில்தான் போடுகிறார்கள். அதைக் காலர் மைக்கில் போடுவதே நல்லது. படம் சற்று மங்கினாலும் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு புரியாவிட்டால் நகர்ந்துவிடுவார். வாய்க்கு ஒரு சாண் கீழே, சட்டையில் மைக்கைக் குத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யவும்.

கேமராவுக்குக் கையில் இருக்கும் போனே போதும். அமெரிக்க இயக்குநர் ஷான் பேக்கரின் ‘டேஞ்சரின்’ (2015) ஐபோன் 5எஸ்-இல் எடுக்கப்பட்ட முழுநீளப் படம். ஆனால் அவர் போனைச் சும்மா கையில் பிடிக்கவில்லை. கூடுதல் லென்ஸ் பொருத்தி, ஆட்டத்தைத் தடுக்கும் ஸ்டெடிகேம் கருவியில் மாட்டினார். புதியவருக்கு ஒரு ட்ரைபாட் போதும்.

பலரைக் குழப்புவது, விளக்கொளியில் திரையில் ஓடும் கறுப்புப் பட்டைகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சாதாரண டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுங்கும். போனின் ப்ரோ மோடில் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் பட்டைகள் மறையும். 30, 1/60 என்ற கணக்கு 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்காவுக்கானது.

ஜன்னல், பேசுபவரின் முதுகுப்பக்கம் வேண்டாம்; பக்கவாட்டில் இருக்கட்டும். திரையில் அவர் முகத்தை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் நிலைத்துவிடும். ஜூம் செய்யாமல் நடந்து நெருங்குங்கள். ஒவ்வொரு காட்சியையும் 10 நொடியாவது அசையாமல் எடுத்தால்தான் எடிட்டிங்கில் வெட்ட இடம் கிடைக்கும்.

ஐபோனில் 30 ஃபிரேம் 4கே வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி பிடிக்கும். 1080பி 60 எம்பிதான். பழகும்வரை 1080பி தாராளம்.