உத்தரவை மீறிய உத்தியோகத்தருக்கு நேர்ந்தது என்ன?

நிவாரண அட்டை, பாஸ், பதிவுத் துண்டு என்று ஓர் உத்தியோகத்தரின் கையெழுத்துக்காக வரிசையில் நின்ற குடும்பங்களுக்கு, ஒரு திகதியின் பெறுமதியை நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. சுவிற்சர்லாந்தில் ஒரு திகதி பலரது உயிரைக் காத்தது. அதை எழுதிய உத்தியோகத்தரின் வாழ்வைக் கெடுத்ததும் அதுவே. இம்முறை அவரது வழக்கைப் படிப்போம்.

1938 மார்ச்சில் ஹிட்லரின் ஜேர்மனி ஒஸ்திரியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. யூத மக்கள் வீடு, கடை, தொழில் யாவும் இழந்து எல்லைகளை நோக்கி ஓடினர். அவ்வாண்டு ஆகஸ்டில் சுவிஸ் மத்திய அரசு எல்லையை மூடி, அகதிகளைத் திருப்பி அனுப்பும்படி பணித்தது. ஒஸ்திரியாவை அடுத்துள்ள சென்ற் காலன் மாநிலத்தின் பொலிஸ் தலைவர் போல் குறூனிங்கர், முன்னர் ஆசிரியராக இருந்தவர். திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். எனவே எல்லை மூடப்பட்டபின் வந்தவர்களின் பத்திரங்களில், அதற்கு முன்பே வந்ததாகத் திகதி இட்டார். இப்படித் தப்பியவர்கள் பல நூறு பேர்; இன்னும் அதிகம் என்போரும் உளர்.

இரக்கம் காட்டியவர் அவர் மட்டுமல்லர். அவருக்கு மேலிருந்த மாநில அமைச்சரும் தொடக்கத்தில் அகதிகளுக்கு இடங்கொடுத்தவரே. தலைநகர் பேர்ணிலிருந்து நெருக்குதல் வந்ததும் அவர் ஒதுங்கிக்கொண்டார், விசாரணை தொடங்கியது. இதை நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டும். வாய்ச்சொல்லாகக் கிடைக்கும் சம்மதம் பத்திரத்தில் பதிவதில்லை. கையெழுத்து மட்டுமே பதிகிறது. "கண்டும் காணாமல் விடும்" என்று சொல்லும் மேலதிகாரி நல்லவராகவே இருக்கலாம். ஆனால் கோப்பு மேசைக்கு வரும்போது அவருடைய பெயர் அதில் இராது.

1939இல் குறூனிங்கர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 1940இல் நீதிமன்றம், கடமையை மீறினார், பத்திரங்களைப் பொய்யாக எழுதினார் என்று தீர்த்து 300 பிராங் தண்டம் விதித்தது. தண்டம் பெரிதல்ல. இருபது ஆண்டுச் சேவைக்குரிய ஓய்வூதியம் போனதே பெரிய அடி. அகதிகளிடம் பணம் வாங்கினார் என்ற வதந்தியும் பரவியது. சிறையில் அடைத்திருந்தால் ஊரார் அவரைத் தியாகி என்றிருப்பர். வேலையும் பெயரும் கெட்ட மனிதரையோ எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அரசுகளுக்கு இது நன்கு தெரியும் என்றே நாம் எண்ணுகிறோம். அதன்பின் கிடைத்த வேலைகளைச் செய்து பிழைத்த அவர், 1972இல் வறுமையில் இறந்தார்.

மாநில அரசு அவரது மதிப்பை மீட்டளித்தது 1993இல். 1995இல் நீதிமன்றம் வழக்கை மீள எடுத்து அவரைக் குற்றமற்றவர் என்றது. 1998இல் அவரது வாரிசுகளுக்கு நட்டஈடு கிடைத்தது. அது அவர் பெயரிலான ஒரு நிதியத்துக்குச் சென்றது.

குழுவாகக் கூடிப் பேசுவதற்கு: 1940இல் அந்த அகதிகள் அவருக்காகச் சாட்சி சொல்ல எண்ணியிருந்தால், தமது திகதி பொய் என்பதையும் ஒப்புக்கொண்டிருக்கவேண்டும். அந்நிலையில் அவர்கள் அவருக்கு வேறெவ்வகையில் உதவியிருக்கலாம்?