இரண்டு சதுர சென்டிமீட்டர் தோல்

விளையாடும்போது முட்டியில் சிராய்த்தால் பத்து நாளில் புதுத் தோல் மூடிவிடுகிறது. சுற்றியுள்ள நல்ல தோலின் செல்கள் பெருகுவதால்தான் இது நடக்கிறது. சரி, சுற்றிலும் நல்ல தோலே இல்லை என்றால்?

1983-ல் அமெரிக்காவில் வயோமிங் மாநிலச் சிறுவர்கள் இருவருக்கு உடம்பில் 95 சதவீதத்துக்கும் மேல் தீக்காயம். அடுத்தவர் தோலை ஒட்டினால் உடம்பு சில வாரங்களில் அதைத் தள்ளிவிடும். சொந்தத் தோல்தான் வேண்டும். மிச்சம் இருந்ததோ அக்குளில் கொஞ்சம். பாஸ்டன் நகர டாக்டர்கள் அதிலிருந்து 2 சதுர செ.மீ. வெட்டி, ஹோவார்ட் கிரீன் என்ற விஞ்ஞானியின் ஆய்வகத்தில் வளர்க்கக் கொடுத்தார்கள்.

இப்படி மனித உடம்பிலிருந்து நேரடியாக எடுத்து வளர்ப்பவை முதல்நிலை செல்கள். ஆய்வுக்கு வசதியானவை என்று பார்த்தால் இவை இல்லை. 1951-ல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்த ஹீலா செல்கள் தீனி போட்டால் போதும், பெருகிக்கொண்டே போகும். (அந்த அம்மாவிடம் அனுமதியே கேட்கவில்லை. அது தனிக் கதை, இந்தத் தாளில் இடம் போதாது!) ஆனா அவை புற்றுச் செல்கள். நம் செல்லில் 46 குரோமோசோம். ஹீலாவில் 70-க்கும் மேல். அதை யார் உடம்பில் ஒட்ட முடியும்? முதல்நிலை செல்கள் கிட்டத்தட்ட உடம்பில் இருந்த மாதிரியே நடந்துகொள்ளும். கொஞ்ச தடவை பிரிந்ததும் நின்றுவிடும், அதுதான் சிக்கல்.

அதிலும் தோல் செல் ரொம்ப அடம். கண்ணாடித் தட்டில் போட்டால், கூடவே ஒட்டிவரும் அடித்தோல் செல்கள் வேகமாகப் பெருகி இதை அமுக்கிவிடும். நெல்லை விடக் களை முந்துகிற வயல் மாதிரி. இதற்கு 1975-ல் கிரீனும் அவருடைய மாணவர் ரைன்வால்டும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சுண்டெலிச் செல்கள் மேல் கதிர்வீச்சைச் செலுத்தினார்கள். அவை உயிரோடு இருக்கும், ஆனால் பெருகாது. அவற்றைத் தட்டில் பரப்பி, மேலே மனிதத் தோல் செல்களை விட்டார்கள். எலிச் செல்கள் செவிலித்தாய் போல வேண்டியதைச் சுரந்து கொடுத்தன. களையையும் தலைதூக்க விடவில்லை. எலி வளர்த்த மனிதத் தோல் என்றால் நம்புவீர்களா?

ஒரு செல் பெருகிக் கூட்டமாகும். கூட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மெல்லிய தாள் ஆகும். ஒரு நொதியை ஊற்றினால் தாள் கிழியாமல் பெயர்ந்து வரும். மூன்று நான்கு வாரத்தில் பரப்பளவு சுமார் 10,000 மடங்கு! (2 சதுர செ.மீ.யை 10,000-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 2 சதுர மீட்டர், ஒரு பெரிய ஆளின் தோல் அளவு.)

அந்தத் தாள்கள் இரு சிறுவர்களுக்கும் பாதி உடம்பளவாவது மூடின. இருவரும் பிழைத்தார்கள். குறையும் உண்டு. வளர்ந்தது மேல்தோல் மட்டும்தான். வியர்வைச் சுரப்பி இல்லை, முடி முளைக்காது.

இதே முறையை 2015-ல் ஜெர்மனியில் ஒரு ஏழு வயதுப் பையனுக்கும் பயன்படுத்தினார்கள். அவனுக்கு இருந்தது பரம்பரை நோய். தொட்டாலே தோல் உரிந்துவிடும். சொந்தத் தோலை அப்படியே வளர்த்தால் அதுவும் உரியும், இல்லையா? அதனால் இத்தாலியின் மொடெனா நகர ஆய்வகத்தில் அவனுடைய தோல் செல்களுக்குள் பழுதில்லாத ஜீனைச் செலுத்தி, பிறகு வளர்த்தார்கள். உடம்பில் சுமார் 80 சதவீதம் புதுத் தோல். 2016-ல் அவன் மறுபடியும் பள்ளிக்கூடம் போனான்.