தமிழேடும் அதன் வகைச்சீட்டும்

இணையத்தில் ஏடுகளைத் தன்பால் வைத்திருந்து, கேட்போர்க்கு அனுப்பும் பொறியைச் சர்வர் என்பர். அவற்றைப் பெற்றுத் திரையிற் காட்டுவது உலாவி. சர்வர் ஓர் ஏட்டை அனுப்புங்கால், அதற்கு முன்னே சில தலைவரிகளை விடுக்கின்றது. அவற்றுள் உள்ளடக்க வகையைக் கூறும் வரியே ஈண்டு ஆராயப்படுவது. வருவது எழுத்தோ, படமோ, ஒலியோ என்பதையும், எழுத்தாயின் எக்குறியீட்டில் அமைந்தது என்பதையும் அவ்வரி உரைக்கும். மின்னஞ்சலின் பொருட்டு 1992-இல் போரன்ஸ்டைன், பிரீட் என்னும் இருவர் வகுத்த மைம் முறையினின்றும் இது தோன்றியது.

சர்வர் பெரும்பாலும் ஏட்டின் உள்ளே நோக்குவதில்லை. பெயரின் ஈற்றிலுள்ள ஒட்டைக் கண்டு, ஓர் அட்டவணைப்படி வகை சொல்லிவிடும். படத்துக்கு இது போதும். பழைய தமிழேட்டுக்குப் போதாது. வத்திராயிருப்பு என்னும் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். யூனிக்கோட்டின் யூ.டி.எப்.-8 முறையில் அது 15 குறிகளாகி, குறியொன்றுக்கு 3 பைட்டாக 45 பைட்டு கொள்ளும். திஸ்கி முறையிலோ த், ரு, ப், பு என்பன தனித்தனியே ஒரு பைட்டில் அடங்குதலின், பெயர் முழுதும் 11 பைட்டே. ஏடு இரண்டும் ஒரே ஒட்டைத் தாங்கி நிற்கும். ஒன்றைப் பிறிதெனக் கொண்டு உலாவி படிக்குமாயின், ஊர்ப்பெயர் இருக்குமிடத்தில் பொருளற்ற குறிகளே தோன்றும். ஏடு கெட்டதென்று எண்ணி அதனை அழித்துவிடுவாரும் உளர்! கெட்டது ஏடன்று, சீட்டு.

இஃது வெறுங்கற்பனை அன்று. முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்கள் தலைமையில் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாட்டு அன்பர்கள் ஊதியமின்றித் தட்டெழுதிய நூல்களுட் பல முதலில் திஸ்கியில் வெளிவந்தன. பின்னரே யூனிக்கோட்டிலும் வழங்கலாயின. திஸ்கி என்னும் பெயர் 2007-இல் பன்னாட்டுக் குறியீட்டுப் பதிவேட்டில் ஏறிற்று. எனினும் இற்றை உலாவிகள் அதனை அறியா.

ஆதலின் வகையை ஒருமுறை எழுதிவைத்து விட்டுவிடாமல், ஒவ்வொரு கோரிக்கையின்போதும் ஒரு சிறு நிரல் ஆய்ந்து தீர்மானித்தல் நலம். யூ.டி.எப்.-8-இல் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் 224 என்னும் பைட்டில் தொடங்கும். அடுத்து 174 அல்லது 175 வரும். இவ்வொழுங்கு ஏடு முழுதும் பிழையறக் காணப்படின் அதனை உள்ளவாறே அனுப்பலாம். காணப்படாவிடின் அது திஸ்கியே என்று துணிதல் தகாது. 1999-இல் சென்னை மாநாட்டில் உருப்பெற்ற டாப், டாம் என்பனவும் உள. இவற்றைப் பைட்டுகளைக் கொண்டு ஐயமறப் பிரித்தறிதல் அரிது. ஏட்டைத் திறந்து கண்ணாற் கண்டவர் ஒருவர் எழுதிவைத்த பட்டியலை நிரல் நோக்குதலே பாதுகாப்பானது. பட்டியலிற் கண்டவாறு எழுத்தை மாற்றி, யூ.டி.எப்.-8 என்று தலைவரியிற் குறித்து அனுப்புக. ஏட்டினுள்ளே வேறு குறியீடு எழுதப்பட்டிருப்பினும் தலைவரியின் சொல்லையே உலாவி முதற்கண் கொள்ளும். எனவே அதிற் பிழை நேரின் ஏட்டின் மெய்யுரை பயன்படாது.

பி.எச்.பி. மொழியில் நிரல் எழுதும் மாணவர் ஒன்று கருதுக. தலைவரி உடலுக்கு முன்னே செல்லவேண்டுவது. நிரலின் தொடக்கக் குறிக்கு முன் ஒரு வெற்றுவரி கிடப்பினும் உடல் புறப்பட்டதாகி, தலைவரி ஏற்கப்படாமற் போகலாம். சில எழுதுபொறிகள் ஏட்டின் தலையில் ஒட்டிவிடும் கண்ணுக்குத் தெரியாத 239, 187, 191 என்னும் 3 பைட்டுகளும் இத்தீங்கையே செய்யும்.

மாற்றி அனுப்பினும், மூல ஏட்டைத் தொடாது வைத்திருத்தல் வேண்டும். மாற்றும் நிரலில் ஓரெழுத்துப் பிழைத்தது பின்னர்த் தெரியவரின், மீண்டும் தொடங்குதற்கு உரியது அதுவே.