ரேடியேட்டருக்குள் என்ன ஊற்றுகிறோம்?

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய் "இன்னோவாவுக்குக் கூலன்ட் வேணும்" என்று கேட்டால், வரும் முதல் கேள்வி "பச்சையா, சிவப்பா?" என்பதுதான். வண்டி எந்த வருடத்து மாடல், உள்ளே இப்போது என்ன இருக்கிறது, கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. வாங்க வந்தவரும் எப்போதோ பானட்டைத் திறந்து பார்த்த ஞாபகத்தில் ஒரு நிறத்தைச் சொல்கிறார். கேன் கைமாறிவிடுகிறது.

பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை ஏழெட்டுப் பேர் ஏறுகிற வண்டி அது. மே மாதம் ஏ.சி.யை முழுதாக வைத்துக்கொண்டு, கேரியரில் மூட்டைகளைக் கட்டிக்கொண்டு, மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறுகிற வண்டி. அதன் இன்ஜினுக்குள் எதை ஊற்றுவது என்பதைக் கேள்விப்பட்டதை வைத்து முடிவுசெய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பணிமனைகளிலும் கடைகளிலும் திரும்பத் திரும்பக் கேட்கிற நம்பிக்கைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

"குளிர் நாட்டுக்குத்தான் கூலன்ட். நம்ம ஊருக்குத் தண்ணியே போதும்"

இதை முற்றிலும் பொய் என்று தள்ள முடியாது. வெப்பத்தைச் சுமந்து செல்வதில் தண்ணீருக்கு நிகர் தண்ணீர்தான். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைகால் அந்த வேலையில் தண்ணீரைவிடக் குறைந்தது. சரிபாதி கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது என்பதும் நமக்குப் பெரிதாகப் பயன்படப் போவதில்லை. அம்பாசிடர் காலத்தில் ஊருணித் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டு ஓட்டியவர்கள் உண்டு, வண்டியும் ஓடியது.

ஆனால் அன்றைய இன்ஜின் கனத்த வார்ப்பிரும்பு. ரேடியேட்டர் செம்பும் பித்தளையும்; ஒழுகினால் பற்றவைத்துவிடலாம். இன்றைக்கு ரேடியேட்டர் மெல்லிய அலுமினியம், அதன் இரு பக்கத் தொட்டிகள் பிளாஸ்டிக். 2005 முதல் இங்கே ஓடிய பழைய இன்னோவா டீசலில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். இரண்டு வேறு உலோகங்களை ஒரே தண்ணீரில் நனைய விட்டால் அவற்றுக்கிடையே நுண்ணிய மின்னோட்டம் பிறக்கிறது. அதில் அலுமினியம் அரிக்கப்படுகிறது. அரித்துப் போன துகளும் துருவும் ரேடியேட்டரின் குறுகிய குழாய்களில் போய் அடைகின்றன. கூலன்டில் சிறிதளவே சேர்க்கப்படும் அரிப்புத் தடுப்பான்கள்தான் இதைத் தடுக்கின்றன. நம் வெயிலில் கூலன்ட் வாங்குவதற்கான முதல் காரணம் அந்தத் தடுப்பான்கள் என்றே நான் சொல்வேன்.

இரண்டாவது காரணம் கொதிநிலை. கடல்மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்ஜின் வழக்கமாக இயங்குவதே 85 முதல் 95 டிகிரிக்குள்தான். இந்த ஆபத்திலிருந்து காப்பாற்றுவது ரேடியேட்டர் மூடி. அதன் மேலே 0.9 என்றோ 1.1 என்றோ ஓர் எண் அச்சிட்டிருக்கும். மூடி எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் என்பதன் அளவு அது. மூடி நன்றாக இருந்தால் சமவெளியில் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ 120 டிகிரிக்கு உயரும்; சரிபாதி கூலன்ட் கலவை 125-ஐயும் தாண்டும். மூடியின் ரப்பர் இறுகி வெடித்துப்போயிருந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். வெறும் தண்ணீரும் பழைய மூடியுமாக மலை ஏறுகிற வண்டிதான் வளைவில் ஓரங்கட்டி ஆவி விட்டுக்கொண்டு நிற்கிறது. சில நூறு ரூபாய் மூடியை மலைப்பயணத்துக்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

"பச்சைக்குப் பச்சை, சிவப்புக்குச் சிவப்பு. நிறம் பொருந்தினால் போதும்"

பணம் வாங்கிக்கொண்டு இன்ஜினைக் கெடுக்கிற நம்பிக்கை இதுதான். நிறம் என்பது வெறும் சாயம். எந்த நிறத்துக்குள் எந்த வேதிப்பொருள் இருக்க வேண்டும் என்று எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் விதி எதுவும் கிடையாது. டொயோட்டா இளஞ்சிவப்பு, ஹோண்டா நீலம், ஜெனரல் மோட்டார்ஸ் ஆரஞ்சு என்று ஆளுக்கொரு அடையாளம் வைத்துக்கொண்டார்கள். சுசுகியிடம் பச்சையும் உண்டு, நீலமும் உண்டு. ஒரே நிறுவனத்தின் அந்த இரண்டுக்கும் ஆயுள் வேறு வேறு. வெளிக்கடையில் விற்கும் பச்சை இந்த எவற்றோடும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

உள்ளே இருக்கும் வேறுபாடு தடுப்பான்களில் இருக்கிறது. பழைய முறையில் சிலிக்கேட், போரேட், பாஸ்பேட் போன்ற உப்புகள் உலோகத்தின் மேல் முழுதாக ஒரு படலம் போடும். வேகமாகக் காக்கும், வேகமாகத் தீர்ந்தும் போகும். இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்ற வேண்டும். அடுத்து வந்தது ஆர்கானிக் ஆசிட் வகை. அரிப்பு தொடங்குகிற இடத்தில் மட்டும் போய் வேலை செய்வதால் மெதுவாகத் தீரும். இந்த இரண்டின் நல்லதையும் சேர்த்துச் செய்தவை ஹைப்ரிட் வகை. அந்த ஹைப்ரிட்டிலும் இரண்டு வழிகள் பிரிந்தன. ஐரோப்பாவில் பல இடங்களில் தண்ணீர் கடினமானது. பாஸ்பேட் அதில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து படிவாகிவிடும் என்று அங்குள்ளவர்கள் பாஸ்பேட்டைத் தவிர்த்தார்கள். சிலிக்கேட் வாட்டர் பம்ப் சீலைத் தேய்க்கும் என்று ஜப்பானியர்கள் சிலிக்கேட்டை விட்டுவிட்டுப் பாஸ்பேட்டை வைத்துக்கொண்டார்கள். ஃபோக்ஸ்வாகனின் இன்றைய கூலன்டும் டொயோட்டாவின் கூலன்டும் பார்வைக்கு ஒரே குடும்பத்து நிறம். உள்ளே ஒன்று விலக்கியதை மற்றது வைத்திருக்கிறது.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? வண்டியோடு கொடுத்த கையேட்டை எடுங்கள். பெரும்பாலான வீடுகளில் அது டாஷ்போர்டுக்குள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கும். கடைசிப் பக்கங்களில் கொள்ளளவுகள், ஆயில் கிரேடு, டயர் காற்று எல்லாம் அட்டவணையாக இருக்கும். அங்கேதான் கூலன்ட் பற்றிய வரியும் இருக்கிறது. டொயோட்டா கையேடுகள் தங்கள் சூப்பர் லாங் லைஃப் கூலன்டைச் சொல்லிவிட்டு, "அல்லது அதற்கு நிகரானது" என்றும் சேர்க்கின்றன. அந்த நிகரானது எப்படி இருக்க வேண்டும் என்பதும் அதே வரியில் உண்டு: எத்திலீன் கிளைகால் அடிப்படை, சிலிக்கேட், அமீன், நைட்ரைட், போரேட் நான்கும் இருக்கக் கூடாது, நீண்ட ஆயுள் கொண்ட ஹைப்ரிட் ஆர்கானிக் ஆசிட் தொழில்நுட்பம். இந்த வரியைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கேனின் பின்பக்க லேபிளோடு ஒப்பிட இரண்டு நிமிடம் ஆகாது.

"ஷோரூம் கேனைத் தவிர வேறு எதைப் போட்டாலும் இன்ஜின் போச்சு" என்று பயமுறுத்துபவர்களுக்கும் இதுவே பதில். நிகரானதை அனுமதிப்பது கையேடே. உத்தரவாதக் காலம் முடியாத வண்டிக்கு நிறுவனத்தின் கேனையே வாங்குவது வம்பில்லாத வழி. அதற்குப் பிறகு லேபிள் பொருந்துகிற எந்த நல்ல கம்பெனிப் பொருளும் சரி. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 5759, ஜப்பானியத் தரநிலை ஜே.ஐ.எஸ். கே 2234 ஆகிய எண்கள் லேபிளில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அவை அடிப்படைத் தகுதி மட்டுமே. இருந்தால் போதும் என்று சொல்ல மாட்டேன், இல்லாததை வாங்க வேண்டாம் என்று சொல்வேன்.

"கலக்குறதுக்கு எந்தத் தண்ணியா இருந்தா என்ன?"

கூலன்ட் இரண்டு வகையாகக் கிடைக்கிறது. அப்படியே ஊற்றும் ரெடி மிக்ஸ் ஒன்று, தண்ணீர் சேர்க்க வேண்டிய கான்சென்ட்ரேட் மற்றொன்று. கான்சென்ட்ரேட் வாங்கிக் கலக்கும்போதுதான் இந்தத் தவறு நடக்கிறது. நம் ஊர் போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் தாராளம். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் கெட்டியாகப் பிடிக்கும் வெள்ளைப் படிவு எதுவோ அதுவேதான் இன்ஜினின் உள்சுவரிலும் பிடிக்கிறது. டொயோட்டா வகைக் கூலன்டில் இது இரட்டை நஷ்டம்: போர் தண்ணீரில் உள்ள கால்சியம் பாஸ்பேட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு படிந்துவிடும். காக்க வேண்டிய தடுப்பானும் குறையும், குழாயும் அடைபடும். ரேடியேட்டர் கழுத்தில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் அந்த வண்டி குடித்தது என்ன தண்ணீர் என்று ஊகித்துவிடலாம்.

கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் இரண்டிலும் உப்பு குறைவு, ஆனால் இருக்கிறது. ஏ.சி.யில் சொட்டும் தண்ணீரில் தூசியும் சுருளிலிருந்து கரைந்த உலோகமும் கலந்திருக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் பல பெட்ரோல் பங்குகளில் கிடைக்கிறது, விலையும் அற்பம். அதையே கலந்துவிடுங்கள், அல்லது ரெடி மிக்ஸ் வாங்கிவிடுங்கள்.

கான்சென்ட்ரேட்டைக் கலக்காமல் அப்படியே ஊற்றினால் "பவர்" அதிகம் என்பதும் தவறு. தண்ணீர் இல்லாத கிளைகால் வெப்பத்தை மோசமாகச் சுமக்கும். பாதிக்குப் பாதி என்பதே பெரும்பாலான வண்டிகளுக்கான அளவு.

"ரெண்டு கூலன்ட் கலந்தா உடனே ஜெல்லி ஆயிடும்"

எல்லா நேரமும் ஆகாது. அதனால்தான் கலப்பவர்கள் தைரியமாகக் கலக்கிறார்கள். சில சேர்க்கைகளில் சிலிக்கேட் பிரிந்து கூழாகப் படியும். பல சேர்க்கைகளில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. தடுப்பான்களின் விகிதம் மட்டும் குலைந்து, நீண்ட ஆயுள் கூலன்ட் தன் நீண்ட ஆயுளை இழந்துவிடும். வழியில் அளவு குறைந்துபோய், கையில் சரியான கூலன்ட் இல்லையென்றால், பெயர் தெரியாத கூலன்டை ஊற்றுவதைவிடச் சுத்தமான தண்ணீரை ஊற்றி ஊர் வந்து சேருங்கள். அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று டொயோட்டா கையேடும் சொல்கிறது. வந்தபின் முழுதாக வடித்து மாற்றிவிட வேண்டும்.

மாற்றுகிற காலத்தையும் நிறத்தை வைத்து முடிவுசெய்யக் கூடாது. சாயம் மங்காமலே தடுப்பான் தீர்ந்திருக்கும். டொயோட்டாவின் இளஞ்சிவப்புக்கு முதல் மாற்று பொதுவாக 1,60,000 கிலோமீட்டரில், அதன்பின் 80,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. ஆண்டுக் கணக்கும் கையேட்டில் உண்டு, எது முதலில் வருகிறதோ அது. பழைய வண்டியாக வாங்கியவர்கள் உள்ளே இருப்பதை நம்பாமல் ஒருமுறை முழுதாக மாற்றி, தேதியையும் வகையையும் பானட்டுக்குள் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுவது நல்லது. 2022-இல் வந்த இன்னோவா ஹைகிராஸின் ஹைப்ரிட் மாடலில் இன்வெர்ட்டருக்கென்று தனிக் கூலன்ட் சுற்று இருக்கிறது என்பதை அதன் உரிமையாளர்கள் மறந்துவிடக் கூடாது.

"மாசாமாசம் கொஞ்சம் ஊத்துறது சகஜம்தான்"

சகஜமே இல்லை. இது மூடிய சுற்று. குறைந்தால் எங்கோ போகிறது என்று பொருள். ஹோஸ் கிளிப், பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் விளிம்பு, வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளை ஆகிய இடங்களில் காய்ந்த கூலன்டின் தடம் தெரியும். வெளியே எங்கும் தடம் இல்லாமல் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். டாப்-அப் செய்துகொண்டே காலத்தை ஓட்டினால் ஆயிரங்களில் முடிகிற வேலை லட்சத்துக்குப் போகும்.

"வால்வைக் கழட்டிட்டா ஹீட்டே ஆகாது"

சூடாகும் வண்டிக்கு இன்னும் சில மெக்கானிக்குகள் செய்யும் வைத்தியம், தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிடுவது. இன்ஜின் உரிய சூட்டுக்கு வராமல் டீசலை அதிகம் குடிக்கும், ஆயிலும் கெடும். பல ஜப்பானிய இன்ஜின்களில் இந்த வால்வுக்கு இன்னொரு வேலையும் உண்டு: சூடேறியபின் பைபாஸ் வழியை அடைத்து, கூலன்ட் முழுவதையும் ரேடியேட்டருக்கு அனுப்புவது. வால்வு இல்லாவிட்டால் கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமலே இன்ஜினுக்குத் திரும்பும். மலை ஏற்றத்தில் வண்டி முன்பைவிட அதிகமாகச் சூடாகும். கழற்றச் சொன்னால் மறுத்துவிட்டுப் புது வால்வு போடச் சொல்லுங்கள்.

"மிச்சம் இருக்கிறதைத் தண்ணி பாட்டில்ல ஊத்தி வெச்சுக்கலாம்"

தயவுசெய்து வேண்டாம். எத்திலீன் கிளைகால் இனிக்கும். நிறமோ குழந்தைகளுக்குப் பிடித்த சர்பத் நிறம். தெருநாய்களும் வடித்து விட்ட கூலன்டை நக்கி இறக்கின்றன. உள்ளே போனதும் கல்லீரல் அதை நச்சு அமிலங்களாக மாற்றுகிறது. அவற்றில் ஒன்றான ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து படிகங்களாகச் சிறுநீரகத்தில் அடைகிறது. முதலில் போதையேறியது போன்ற தள்ளாட்டம் மட்டுமே தெரியலாம், குழந்தை தெளிந்துவிட்டதாகவும் தோன்றலாம். அந்த நேரத்தை வீட்டில் கழித்துவிடக் கூடாது. மிச்சத்தை அதன் கேனிலேயே மூடி, எட்டாத உயரத்தில் வையுங்கள். வடித்த பழையதைச் சாக்கடையில் கொட்டாமல் பணிமனையிலேயே விட்டு வாருங்கள். யாராவது குடித்துவிட்டார்கள் என்ற சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே பெரிய மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். கேனையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்; இந்த நஞ்சுக்கு முறிமருந்து உண்டு, லேபிளில் எத்திலீன் கிளைகால் என்று கண்டால் மருத்துவரால் தாமதிக்காமல் அதைத் தொடங்க முடியும்.